சேற்றில் ஓடும் பனிநாய்

போன ஐப்பசிக் கடைசியில், நாலு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருவேற்காட்டில் கோலடி ஏரிப் பக்கம் வீடு கட்டாமல் கிடக்கும் காலி மனைகள் எல்லாம் ஒரே சேறு. பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது எங்கள் தெருப் பையன் ஒருவனைப் பார்த்தேன். காலேஜ் இரண்டாம் வருஷம். இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் அவன் வளர்க்கும் சைபீரியன் ஹஸ்கி. பெயர் ஸ்னோ. வேறு என்ன வைப்பார்கள்?

நாய் இழுத்தது. பையன் நாலு எட்டு ஓடினான், வழுக்கினான், குப்புற விழுந்தான். நாய் நிற்கவில்லை. பத்தடி தூரம் அவனைச் சேற்றில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. நான் பதறி ஓடினால், அவன் சேற்று முகத்தோடு சிரிக்கிறான். "அண்ணா, இதை வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சுண்ணா. இன்னிக்குத்தான் இது சிரிச்சுப் பாக்குறேன்."

அந்த நாயை எனக்கு ஏற்கெனவே தெரியும். பெரும்பாலான நேரம் முதல் மாடியில் ஏசி அறைக்குள் கிடக்கும். மே மாதத்தில் அது ஊளையிடுவது தெருமுனை வரை கேட்கும். பையனின் அம்மா ஒருமுறை என்னிடம், "எங்க மூணு பேருக்கு ஓடாத ஏசி இதுக்கு ஓடுதுப்பா. கரண்ட் பில்லைப் பாத்தா எனக்குத்தான் ஊளையிடத் தோணுது" என்றார்.

எழுந்து சட்டையை வழித்துக்கொண்டே பையன் கேட்டான். "சேத்துல ஓட்டுற ரேஸ் ஒண்ணு இருக்காமேண்ணா? பனியே இல்லாம? ரீல்ஸ்ல வந்துச்சு."

இருக்கிறது. அதைப் பற்றி அவனுக்குச் சொல்லலாம் என்று தேட ஆரம்பித்துத்தான் நோம், கிளீவ்லாந்து, பொள்ளாச்சி, ஜமைக்கா என்று எங்கெங்கோ போய்விட்டேன்.

நாய் வண்டிப் பந்தயம் என்றதும் நம் மனதில் வருவது வெள்ளைப் பரப்பும் நீலக் கண்களும்தான். ஆனால், இன்றைக்கு நாய்களைப் பூட்டிப் பந்தயம் ஓடுகிற பலருக்குப் பனி எப்போதாவது வந்து போகும் விருந்தாளி. பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் ஏவிமோர் என்ற ஊருக்குப் பக்கத்தில், மோர்லிக் ஏரியைச் சுற்றிய காட்டுப் பாதையில், 1984இலிருந்து ஜனவரி மாதங்களில் அங்குள்ள சைபீரியன் ஹஸ்கி கிளப் ஒரு பந்தயம் நடத்திவருகிறது. பனி விழுந்தால் சறுக்குவண்டி. விழாவிட்டால் மூன்று சக்கர வண்டி. பல வருஷங்களில் சக்கரம்தான்.

இந்தச் சக்கர வண்டிக்குக் கூரையோ இருக்கையோ கிடையாது. இரும்புக் குழாய்ச் சட்டம், முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, நிற்க ஒரு பலகை, கைப்பிடி, பிரேக். அவ்வளவுதான். முன்னால் நாலு நாயோ ஆறு நாயோ. ஒற்றை நாய்க்காரர்கள் சைக்கிளில் கட்டிக்கொள்வார்கள், அல்லது நம்ம பையனைப் போல இடுப்பில் கட்டிக்கொண்டு கூடவே ஓடுவார்கள். வழக்கமாகச் சனி ஒரு ஓட்டம், ஞாயிறு ஒரு ஓட்டம். இரண்டு நாள் நேரத்தையும் கூட்டிக் குறைவாக வந்தவர் ஜெயித்தவர். எல்லோரையும் சேர்த்து அவிழ்த்துவிட மாட்டார்கள். ஒரு வண்டி போய் ஒன்றிரண்டு நிமிஷம் கழித்து அடுத்த வண்டி. தூரம் சில கிலோமீட்டர்தான். ஓட்டிக்கு முன்னால் அத்தனை கால்கள் சேற்றைப் பின்னுக்கு வாரி இறைக்கின்றன, அதனால் எல்லைக்கோட்டுக்கு வந்து சேரும்போது ஆளுக்குக் கண் மட்டும்தான் தெரியும்.

கிளம்பும் இடத்தில் இருக்கும் சத்தம் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். பூட்டியதிலிருந்து நாய்கள் குரைத்து, ஊளையிட்டு, எம்பிக் குதித்து, கயிற்றைக் கடித்து ஊரைக் கூட்டும். வண்டியைப் பிடித்து நிறுத்த ஆள் வேண்டும். ஆனால், போ என்று சொன்ன அந்த நொடியில் சத்தம் மொத்தமும் நின்றுவிடும். அப்புறம் மூச்சும் சக்கரமும் சேறு தெறிப்பதும்தான் கேட்கும். நாய்க்குச் சொல்ல வேண்டியிருந்தது அவ்வளவுதான் போல.

இந்த உலர்நில ஓட்டம் தனி விளையாட்டாகப் பிறந்தது அல்ல. குளிர்காலப் பந்தயத்துக்கு நாய்களின் உடம்பைத் தயார் செய்ய இலையுதிர் காலத்திலேயே பயிற்சியைத் தொடங்க வேண்டும், பனியோ அப்போது விழுந்திருக்காது. ஓட்டை காரின் அடிச்சட்டத்தைக் கழற்றி அதில் நாய்களைப் பூட்டி மண்பாதையில் ஓட்டினார்கள். அந்தப் பயிற்சியே பிறகு பந்தயம் ஆகிவிட்டது. ஒத்திகை நாடகமான மாதிரி.

ஆனால், பனியில் ஓடும் பந்தயமும் வேறொன்றின் மிச்சம்தான். அங்கே கொஞ்சம் நின்று போகலாம்.

நாய்கள் வண்டி இழுக்க ஆரம்பித்து எவ்வளவு காலம்? சைபீரியாவுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் ஷோகோவ் என்று ஒரு தீவு. அங்கே சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய சறுக்குவண்டிப் பாகங்களும் நாய் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. 2020இல் வெளியான மரபணு ஆய்வு, அந்த நாய் இன்றைய வண்டி நாய்களுக்கு நெருங்கிய சொந்தம் என்றது. திருவேற்காட்டு ஸ்னோவின் குடும்ப மரம் நம் எல்லோருடையதையும்விட நன்றாகப் பதிவாகியிருக்கிறது.

சைபீரியாவின் கிழக்குக் கோடியில் வாழும் சுக்சி மக்கள், குறைந்த தீனியில் நெடுந்தூரம் இழுக்கும் சின்ன உடம்பு நாய்களை வளர்த்துவந்தார்கள். கடல் தாண்டினால் அலாஸ்கா, அங்கே நோம் என்ற ஊர். தங்கம் கிடைத்ததால் முளைத்த ஊர். தங்க ஊரில் குளிர்காலத்தில் என்ன வேலை? சூதுதான். 1907இல் நோம் கென்னல் கிளப் தொடங்கினார்கள், 1908இல் முதல் பெரும் பந்தயம். நோமிலிருந்து கேண்டில் என்ற ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டும். 408 மைல். ஊரே பணம் கட்டும்.

இந்த இடத்தில் எனக்குத் திருவேற்காட்டுக்காரர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தே தீருவார். மூர்க்க நாயனார். பெரியபுராணத்தின் அறுபத்துமூவரில் சூதாடி அவர்தான். அடியார்களுக்குச் சோறு போட்டே சொத்தையெல்லாம் தீர்த்தவர், பிறகு ஊர் ஊராகப் போய்ச் சூதாடி அந்தப் பணத்தில் அன்னதானம் செய்தவர், ஏமாற்றியவனைச் சுரிகையால் குத்தியவர். இந்த ஊரில் பிறந்தவர் நோமில் இருந்திருந்தால் கென்னல் கிளப்புக்குத் தலைவராகியிருப்பார். அது கிடக்கட்டும்.

1908இல் வில்லியம் கூசாக் என்ற ரஷ்ய வணிகர் சைபீரிய நாய்களை நோமுக்குக் கொண்டுவந்தார். அலாஸ்காவின் பெரிய நாய்களுக்குப் பக்கத்தில் இவை பொடிசுகள். "சைபீரிய எலிகள்" என்று ஊரே சிரித்தது. 1909 பந்தயத்தில் அந்த எலிகள் மூன்றாவதாக வந்தன. சிரிப்பு நின்றது. ஸ்காட்லாந்துக்காரரான ஃபாக்ஸ் மௌல் ராம்சே உடனே சைபீரியாவுக்கே போய் ஒரு கூட்டம் நாய்களை வாங்கிவந்தார். 1910இல் அவருடைய நாய்களைப் பூட்டிய ஜான் ஜான்சன், 74 மணி 14 நிமிஷம் 37 நொடியில் முதலாவதாக வந்தார். இன்று நாம் ஹஸ்கி என்று சொல்லும் நாய் உலகத்தின் கண்ணில் பட்டது இப்படித்தான், சூதாட்டத்தின் வழியாக.

இதே நோம் பகுதியில் இன்னொரு காட்சியும் உண்டு. கைவிடப்பட்ட ஒரு ரயில் பாதை. கோடையில் பனி உருகிச் சேறாகக் கிடக்கும்போது, தண்டவாளத்தில் ஓடும் சின்னத் தள்ளுவண்டியில் நாய்களைப் பூட்டி ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிப் போனார்கள். அதற்குக் குட்டிநாய் மோட்டார் என்று பொருள்படும் ஒரு செல்லப்பெயரும் வைத்திருந்தார்கள். பனியில்லாமல் நாய் சக்கர வண்டி இழுப்பது அப்போது விளையாட்டல்ல, கூலி வேலை.

1925 கதை பலருக்குத் தெரிந்திருக்கும், படமெல்லாம் வந்துவிட்டது. நோமில் தொண்டை அடைப்பான் பரவுகிறது. ரயில் நிற்கும் கடைசி ஊரிலிருந்து 674 மைல். இருபது ஓட்டிகள், சுமார் 150 நாய்கள், ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு என மருந்தை ஐந்தரை நாளில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். லெனார்டு செப்பாலாவின் டோகோ என்ற நாய் முன்னால் நின்று ஓடியதுதான் இருப்பதிலேயே நீண்ட, ஆபத்தான பகுதி. கடைசிப் பகுதியில் ஓடியது பால்டோ. ஊருக்குள் நுழைந்தவனுக்குத்தானே மாலை? அந்த வருஷம் டிசம்பரிலேயே நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பால்டோவுக்குச் சிலை வைத்துவிட்டார்கள்.

சிலைக்கு அப்புறம் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உயிரோடு இருந்த பால்டோவும் கூட ஓடிய ஆறு நாய்களும் ஊர் ஊராகக் காட்டப்பட்டு, கை மாறி, கடைசியில் லாஸ் ஏஞ்சலீசில் பத்து சென்ட் கட்டணக் காட்சிக்கூடம் ஒன்றின் பின்னறையில், மெலிந்து நோய்வாய்ப்பட்டுக் கட்டிக் கிடந்தன. ஜார்ஜ் கிம்பிள் என்பவர் அங்கே அவற்றைப் பார்த்தார். விலை 2,000 டாலர் என்றார்கள். கிளீவ்லாந்து நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் சில்லறை சேர்த்தார்கள், ஆலைத் தொழிலாளர்கள் கொடுத்தார்கள், பத்து நாளில் பணம் சேர்ந்தது. 1927 மார்ச்சில் நாய்கள் கிளீவ்லாந்து விலங்குக்காட்சிச் சாலைக்கு வந்து சேர்ந்தன. பால்டோ 1933இல் இறந்தது.

எனக்கு 1925 ஜனவரியைவிட அந்தப் பின்னறைதான் முக்கியம். தனக்கான வேலை முடிந்த பிறகு ஒரு வேலைநாய் போய்ச் சேருகிற இடம் அது. கொஞ்ச காலத்திலேயே அந்த வேலையும் முடிந்துபோனது. தபாலை விமானம் எடுத்துக்கொண்டது. 1960களில் கிராமங்களுக்குள் பனி மோட்டார் வந்தது. வீட்டுக்கு வீடு இருந்த நாய்க்கூட்டங்கள் காணாமல் போயின. அதைப் பார்த்துத்தான் ஜோ ரெடிங்டன் 1973இல் இடிடராட் என்ற நெடும்பந்தயத்தைத் தொடங்கினார். ஆயிரம் மைல், நோமில் முடியும். வண்டி நாய் என்ற இனமே அழிந்துவிடக் கூடாது, அதற்கு ஒரு காரணம் வேண்டும், பந்தயம் அந்தக் காரணமாக இருக்கட்டும் என்பது அவர் கணக்கு. கணக்கு பலித்தது. ஆனால், அதற்கும் விலை உண்டு. 2024 பந்தயத்தில் மட்டும் மூன்று நாய்கள் செத்தன. காப்பாற்றத் தொடங்கிய பந்தயம் கொல்கிறதே என்று கேட்பவர்களை வாயடைக்கும் பதில் யாரிடமும் இல்லை.

இப்போது பனியும் கைவிடுகிறது. 2003, 2015, 2017, 2025 என நாலு முறை, பாதையில் பனி போதாமல் இடிடராட்டின் தொடக்கத்தையே வடக்கே ஃபேர்பேங்க்ஸுக்கு மாற்றினார்கள். 2016இல் ஆங்கரேஜ் நகரத் தொடக்க விழாவுக்கு ரயிலில் பனி வந்தது. நம் ஊருக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிதண்ணீர் வந்ததை 2019இல் பார்த்தவர்களுக்கு அந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை.

வேலை போனது, பந்தயம் வந்தது. பனி போகிறது, சேற்றுப் பந்தயம் மிஞ்சுகிறது. இந்த வரிசை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?

நாய் ஓட்டிகள் வலப்பக்கம் திரும்பு என்பதற்கு "ஜீ" என்பார்கள், இடப்பக்கத்துக்கு "ஹா". இவை எஸ்கிமோ மொழியோ சுக்சி மொழியோ இல்லை. ஆங்கிலேய உழவர்கள் ஏர்மாட்டிடமும் குதிரையிடமும் சொன்ன சொற்கள். அதேபோல, சறுக்குவண்டியை ஒட்டிப் பூட்டியிருக்கும் கடைசி இரண்டு நாய்களுக்குச் "சக்கர நாய்கள்" என்று பெயர். சறுக்குவண்டியில் சக்கரம் ஏது? அது குதிரை வண்டிக்காரன் மொழி. சக்கரத்துக்குப் பக்கத்தில் பூட்டும் குதிரைக்கான பெயரை நாய்க்கு எடுத்து மாட்டிவிட்டார்கள். பனிப்பிரதேசத்தின் மிக அந்நியமான விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு கிட்டே போனால், உள்ளே இருப்பது மாட்டு வண்டி.

நம்முடைய ரேக்ளாவும் அதேதான். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரேக்ளா என்றால் இரண்டு காளை, இலேசான வண்டி, 200 மீட்டர் அல்லது 300 மீட்டர், கடிகாரத்தோடு ஓட்டம். வண்டிகள் தனித்தனியாகத்தான் ஓடும், ஏவிமோரில் போலவே. தெற்கே மதுரை, தேனி, சிவகங்கை, தூத்துக்குடிப் பக்கம் வேறு மாதிரி. தார்ச்சாலையில் எல்லா வண்டியும் சேர்ந்து பறக்கும், தூரத்தை இன்னும் மைல் கணக்கில்தான் சொல்வார்கள். பிரிவுகளின் பெயர்களைக் கேளுங்கள்: பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு. பிரிவுகளுக்குக் குருவிப் பெயர் வைத்த விளையாட்டு உலகத்தில் வேறு இருக்குமா தெரியவில்லை. வண்டி ஓட்டுபவர் சாரதி, கூட ஒரு துணைச் சாரதி. மகாபாரதத்திலிருந்து நேரே வாடிப்பட்டிக்கு வந்த சொல்.

டிராக்டர் வந்து உழவும், பம்புசெட் வந்து கவலை இறைப்பும், லாரி வந்து பாரவண்டியும் போன பிறகு காங்கேயம் காளைக்கு என்ன வேலை மிச்சம்? காளையை வைத்திருக்கும் சம்சாரியைக் கேட்டால் இரண்டே காரணம் சொல்வார்: ஒன்று இனவிருத்தி, இன்னொன்று பந்தயம். ரெடிங்டனின் கணக்கை அவர் பெயரே கேள்விப்படாமல் இங்கே போட்டுக்கொண்டிருந்தார்கள்.

2011 ஜூலையில் மத்திய அரசு, வித்தை காட்டப் பயன்படுத்தக் கூடாத விலங்குகள் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் நடந்ததை இதைப் படிக்கும் பலர் அங்கேயே உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். நான் மூன்று ராத்திரி இருந்தேன். பிறகு சட்டத்திருத்தம். 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிர மாநிலத் திருத்தங்கள் செல்லும் என்றது.

மெரினாவில் கத்தியபோது நான் 2014 தீர்ப்பைப் படித்திருக்கவில்லை. இப்போதுதான் படித்தேன். அதில் ஒரு வாதம் என்னை இன்னும் விடவில்லை. காளையின் உடலமைப்பு பந்தயத்துக்கு ஏற்றதில்லை, குதிரைக்கு அந்த உடல் இருக்கிறது, காளை பாரம் இழுக்கும் பிராணி என்கிறார்கள் நீதிபதிகள். அதாவது, இந்த உடம்பு எதற்காக இருக்கிறது என்று கேட்கிறார்கள். சரியான கேள்வி என்றே நினைக்கிறேன். ஆனால், அந்த உடம்பைச் செய்தது யார்? இயற்கை பாதி, நாம் பாதி. ஒன்பதாயிரம் வருஷம் இழுக்கிற நாயை மட்டும் பொறுக்கிப் பொறுக்கிக் குட்டி போடவைத்துவிட்டு, அதன் உடம்பிடம் போய் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் அது என்ன சொல்லும்? இழுக்கணும் என்றுதான் சொல்லும்.

ரேக்ளாக் காளைக்கும் வண்டி நாய்க்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. காளைக்கு மூக்கணாங்கயிறு இருக்கிறது, தார்க்குச்சி இருக்கிறது, வாலைக் கடித்து விரட்டும் கொடுமையும் நடந்திருக்கிறது. நாய் வண்டியில் கடிவாளமே கிடையாது. ஓட்டியின் கையிலிருந்து நாய்க்குப் போகும் கயிறு ஒன்றுகூட இல்லை, குரல்தான். முன்னால் நிற்கும் நாய்க்குத் திரும்ப மனமில்லாவிட்டால் திரும்பாது. ஓட மனமில்லாவிட்டால் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த நாயை ஒன்றும் செய்ய முடியாது. இதனால் நாய்ப் பந்தயம் கருணையானது என்று சொல்ல வரவில்லை. ஆசையையும் பொறுக்கி வளர்க்க முடியும் என்கிறேன். அது கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

தடைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் தெருக்களில் ரொட்டிக்காரர், இறைச்சிக்காரர், ஏழை வியாபாரிகள் பலர் நாய் வண்டி வைத்திருந்தார்கள். குதிரை வாங்க வசதியில்லாதவனின் குதிரை நாய். 1839ஆம் வருஷச் சட்டம் லண்டனில் அதைத் தடை செய்தது. 1854இல் மற்ற ஊர்ப் பொதுச்சாலைகளுக்கும் தடை வந்தது. கொடுமை இருந்தது உண்மை. அளவுக்கு மீறிய பாரம், ரத்தம் வழியும் பாதங்கள். வெறிநாய்க்கடி பயமும் சேர்ந்துகொண்டது. தடை வந்ததும், வண்டி இழுக்காத நாய்க்கு எதற்குச் சோறு என்று பலர் தங்கள் நாய்களைக் கொன்றுபோட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கால்வாய் தாண்டினால் பெல்ஜியத்தில் நாய்கள் பால்வண்டி இழுத்துக்கொண்டே இருந்தன. 1914இல் அந்த நாட்டு ராணுவம் இயந்திரத் துப்பாக்கிகளைக்கூட நாய்களைப் பூட்டித்தான் போருக்கு இழுத்துப் போனது.

நம் பக்கத்து நாய்களின் கதை வேறு தினுசு. சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயல் விரட்டியவை. நீண்ட கால், ஒட்டிய வயிறு, அம்பு மாதிரி உடம்பு. இழுக்கும் உடம்பில்லை, துரத்தும் உடம்பு. 1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முயல் தப்பித்தது, நியாயம்தான். ஆனால், நாய் வேலையிழந்தது. அந்த நாய்களுக்கு இன்று மிச்சம் இருப்பது தோட்டக் காவலும் சில ஊர்த் திருவிழாக்களில் நடக்கும் ஓட்டப்பந்தயமும்தான். சைதாப்பேட்டையில் கால்நடைத் துறையே ஒரு பண்ணை வைத்து ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பைக் குட்டிகளை விற்றது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. தியடோர் பாஸ்கரன் இந்த நாய்களுக்காக எத்தனையோ வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறார். எழுதி என்ன? ஹட்ச் விளம்பரத்தில் பக் நாய் ஓடினால் ஊரெல்லாம் பக், கேம் ஆஃப் த்ரோன்ஸில் ஓநாய் வந்தால் ஊரெல்லாம் ஹஸ்கி. வணிகத்துக்காகக் குட்டி போடவைக்க வெளிநாட்டு நாய்களைக் கொண்டுவருவதை மத்திய அரசு 2016இல் தடுத்தது. அதற்குள் போதுமான ஹஸ்கிகள் இங்கேயே பிறந்துவிட்டன. அவற்றில் ஒன்றின் பேரனோ பேத்தியோதான் கோலடிச் சேற்றில் இழுத்துக்கொண்டிருந்தது.

வெயில் நாட்டில் வண்டி நாய் என்றால் ஜமைக்காவைச் சொல்லாமல் விட முடியாது. 2005 வாக்கில் அங்கே டேனி மெல்வில் என்ற சுற்றுலாத் தொழிலதிபர், மணலிலும் சேற்றிலும் ஓடும் சக்கர வண்டியைப் பார்த்துவிட்டு, ஜமைக்காவுக்கும் ஒரு நாய் வண்டி அணி வேண்டும் என்று கிளம்பினார். ஹஸ்கிகளைத் தேடிப் போகவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். விலங்குக் காப்பகத்திலிருந்து தெருநாய்களை எடுத்துப் பூட்டினார்கள். அந்த ஊர் வெயிலில் பிறந்து, அந்த ஊர் குப்பையைத் தின்று வளர்ந்த நாய்கள். அவற்றோடு பழகிய நியூட்டன் மார்ஷல் என்ற இளைஞர் பிறகு வடக்கே போய், அங்குள்ள நாய்களோடு 2010இல் இடிடராட்டை ஓடி முடித்தார். 47ஆவது இடம். பனியைப் பார்க்காத தேசத்திலிருந்து போய் ஆயிரம் மைல் முடித்த மனிதர். ஆள் வடக்கே போனார், தெருநாய்கள் ஊரிலேயே வண்டி இழுத்தன. யார் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தார்கள்.

இதையெல்லாம் பையனிடம் ஒரு சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னேன். முழுசாகக் கேட்டான். "அப்ப நானும் ஒரு வண்டி செஞ்சு ஓட்டலாமாண்ணா? வெல்டிங் பட்டறை நம்ம ஃப்ரெண்டோடதுதான்" என்றான்.

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். பாரம் இழுக்கும் விலங்குகளுக்கென்று 1965இல் போட்ட விதிகள் இருக்கின்றன. மாடு, எருமை, குதிரை, கோவேறு கழுதை, ஒட்டகம் எது எவ்வளவு இழுக்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். நாய் அந்தப் பட்டியலில் கிடையாது. நாயைப் பூட்டுவான் ஒருத்தன் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. அதில் ஒரு விதி: வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை விலங்கைப் பூட்டக் கூடாது. மாட்டுக்கு 37. ஹஸ்கிக்கு?

உலர்நிலப் பந்தயக்காரர்கள் ஓட்டத்துக்கு முன் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து அளப்பார்கள். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அதுவும் முடியாது. அதனால் பல அமைப்புகள் 20 டிகிரியை எட்டும் முன்பே தூரத்தைக் குறைப்பார்கள், இல்லாவிட்டால் பந்தயத்தையே நிறுத்திவிடுவார்கள். சென்னையில் மார்கழி விடியற்காலை, கோலம் போடும் நேரம், 21 டிகிரி இருக்கும். ஈரம் சொல்லவே வேண்டாம். நமக்குப் போர்வை தேடுகிற நேரத்தில், ஏவிமோரில் போட்டியை ரத்து செய்துவிட்டு நாய்களை வீட்டுக்குக் கூட்டிப் போயிருப்பார்கள்.

இதை அவனிடம் சொன்னபோது முகம் விழுந்துவிட்டது. வாங்கியதே தப்பு என்று சொல்கிறேன் என நினைத்திருப்பான். அப்படித்தான் நினைக்கிறேன், மறைக்கவில்லை. இந்த நாய் இந்த ஊரில் இருந்திருக்கக் கூடாது. ஆனால், இருக்கிறதே. பத்து வருஷத்துக்கு மேல் இன்னும் இருக்கும். ஏசி அறையும் ஒருவகைக் காட்சிக்கூடப் பின்னறைதான் என்று எனக்குத் தோன்றியதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

அவன் வண்டி செய்யவில்லை. மழைக்காலம் முடியும்வரை விடியற்காலை ஐந்து மணிக்குக் கோலடிப் பக்கம் போனான். இடுப்பில் கயிறு, பையில் தண்ணீர், பத்தே நிமிஷம். சொன்ன மாதிரியே நேரத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு ஓடினான். ஒன்றிரண்டு நாள் நானும் போனேன். "வலது, வலது" என்று கத்திப் பழக்கப் பார்த்தான், அது இடப்பக்கம் எருமை நிற்கும் குட்டைக்கே இழுத்துப் போனது. தெருநாய்கள் நாலு கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்து, பைத்தியமா இது என்கிற மாதிரி நின்று பார்த்துவிட்டுத் திரும்பும்.

தை பிறந்ததும் மனையெல்லாம் காய்ந்து வெடிப்பு விட்டது. மாசியில் ஒரு காலி மனையில் பில்லர் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். ஒருநாள் சாயங்காலம் பையனின் அம்மா நாயைப் பிடித்துக்கொண்டு சிமெண்டு ரோட்டில் வந்தார். ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் லாரிக் குழாய் ஒழுகி ஓரமாக ஒரு சாண் அளவுக்குச் சேறு. நாய் அங்கே போய் முன்னங்கால் இரண்டையும் வைத்து நின்றுகொண்டது. கயிற்றை விறைப்பாக இழுத்துப் பிடித்தபடி, திரும்பி அவரைப் பார்த்தது.

"என்னப்பா வேணும் இதுக்கு?" என்று அவர் என்னைக் கேட்டார்.